அவுக பேரு பேச்சிமுத்து

பாடுவதற்கு முன்னால் ஏதோ ஒன்று செய்யணும் என்று அங்கம்மாக்கா சொல்லியிருந்தாள். உட்காரணும் என்றாளா, கேட்கணும் என்றாளா? வெயில்முத்துவுக்குப் பாதிதான் நினைவிருந்தது.

அவளிடம் ஒப்பாரி கற்றவன், தனியாகப் போக ஆரம்பித்து எட்டு மாதம். எல்லா வீட்டுக்கும் ஒரே பாட்டு, அவனே கட்டியது. சாவு வீட்டுக்குப் போவான், பெயரைக் கேட்பான், மைக்கைப் பிடிப்பான். சனம் அழும்.

அன்று மத்தியானம் அவன் மைக்கும் கையுமாக வந்து நின்றபோது அக்கா சுளகை முன்னால் வைத்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடே, பாட்டுக்காரரு மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"இனிமே பாட மாட்டேன்க்கா."

"தொண்டை கட்டிக்கிச்சா?"

"பேரை மாத்திப் பாடிட்டேன். இன்னைக்கு எறந்தவரு பேச்சிமுத்து. நேத்து வீட்டு சுடலைமணியைப் போட்டுட்டேன். மூணு தடவை."

"யாரு சொன்னா?"

"அவரு சம்சாரம்தான். தலைமாட்டுல இருந்தவங்க, அழுகைய நிப்பாட்டிட்டு, 'அவுக பேரு பேச்சிமுத்து, தம்பி'ன்னாங்க. மைக்ல கேட்டுச்சு."

அக்காவின் கை நின்றது.

"கட்டுன நாள்லேர்ந்து புருசன் பேரை வாயால சொன்னதே இல்லையாம். நாப்பத்தோரு வருசம். நான் சொல்ல வச்சுட்டேன்."

பிறகு அடுத்த கடலையை உடைத்தாள்.

"அந்தப் பாட்டை என் பேருக்குப் பாடு."

"உயிரோட இருக்கிற ஆளுக்கா? வேண்டாம்க்கா."

"நான் செத்த அன்னைக்கு நீ எவ பேரைப் போடுவியோ. இப்பவே கேட்டுக்கிடுதேன். பாடு."

பாடினான்.

"ஊருக்கு நெழலான எங்க அங்கம்மா,
உச்சி வெயில்ல எங்கள விட்டதென்ன?"

பேரைத் தவிர ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆறு வருசம் சோறு போட்டவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். முடிப்பதற்குள் அவன் குரல் இறங்கிவிட்டது.

அக்கா ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றாள்.

"நல்லாத்தான்டே இருக்கு. செத்தது யாரு?"

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மைக்செட்காரர்.

"சாயங்காலம் இன்னொரு வீடு இருக்கு, முத்து. பேரை மட்டும் குறிச்சுக்கோ."

"வேற ஆளைப் பாருங்கண்ணே."

மைக்கை அக்காவின் சுளகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெயில்முத்து, உட்கார்ந்து கேட்பதற்காகப் பேச்சிமுத்துவின் வீட்டுக்கே திரும்பிப் போனான்.