வெற்றிலை சிவப்பதற்குள்

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் சதுரங்கத்தில் தன்னை வெல்ல ஆளே இல்லை என்று ஒரு நினைப்பு. ஆள் எப்படி இருப்பார்கள்? எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாம் வேண்டுமென்றே தோற்றார்கள். அதில் முதல் ஆள் சூரப்பர் என்கிற பிரபு. ராஜாவிடம் தோற்றுத் தோற்றே மாளிகை கட்டிவிட்டார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா கிளம்பினால், அவருக்கு வலப்பக்கம் இரண்டு கட்டியக்காரர்கள் "பராக்! பராக்!" என்று கத்திக்கொண்டு முன்னால் போவார்கள். ராஜா பலகையிலும் அதையே செய்வார். தொடங்கியதும் வலப்பக்கத்துச் சிப்பாய்கள் இருவரை முன்னால் அனுப்பிவிடுவார். இதைவிட மட்டமான தொடக்கம் கிடையாது. சபையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். "நாளை என்னோடு ஒரு சதுரங்க ஆட்டம். பந்தயம், எல்லையில் இருக்கும் பேரேரி," என்றார். நாட்டு வயல் அத்தனைக்கும் அந்த ஏரித் தண்ணீர்தான். ராஜா யோசிக்கவே இல்லை. "சரி!" என்றுவிட்டார்.

தூதர் வெளியே போனதும் மந்திரி தில்லைநாச்சி எழுந்தாள். "மகாராஜா, முதலில் என்னோடு ஒரு ஆட்டம்."

சூரப்பர் சிரித்தார். "மந்திரியம்மா பலகைப் பக்கம் வந்ததே இல்லையே! காய் நகர்த்தத் தெரியுமா?"

"பொய்யாகத் தோற்க எனக்கு வராது சூரப்பரே. அதனால்தான் வரவில்லை." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "இது சிவப்பதற்குள் ஆட்டம் முடியும். முடியாவிட்டால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள்."

"உனக்குத் திமிர் அதிகம்!" என்று ராஜா ஒரு சிப்பாயைத் தள்ளினார். அவள் தன் ராணிக்கு வழி திறந்தாள். ராஜா இரண்டாவது சிப்பாயையும் தள்ளினார். அவள் ராணி சாய்வாக ஓடி வந்து நின்றது.

"ராஜாவுக்குச் செக். நகருங்கள்."

எங்கே நகர்வது? சுற்றிலும் அவருடைய ஆட்களே அடைத்து நின்றார்கள். காலியான ஒரே கட்டமும் அந்த ராணியின் பாதையில் இருந்தது. குறுக்கே நிறுத்தவும் ஆளில்லை. காவல் நிற்க வேண்டிய இருவரும் முன்னால் போய்விட்டார்களே!

"ராஜத்துரோகம்!" என்று சூரப்பர் குதித்தார்.

தில்லைநாச்சி திரும்பினாள். "தினமும் எதிரே உட்காருகிறீர்களே, இந்த வழி உங்கள் கண்ணில் பட்டதா, இல்லையா? படவில்லை என்றால் உங்களுக்கு ஆடத் தெரியாது. பட்டது என்றால், நாளை ஏரி போகட்டும் என்று சும்மா இருந்தீர்கள். எது?"

சூரப்பர் மெல்ல ஒரு தூணின் பின்னால் நகர்ந்தார்.

ராஜா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாக்கை நீட்டு," என்றார்.

நீட்டினாள். இன்னும் பச்சைதான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "சூரப்பரே, இனிமேல் தினமும் மந்திரியோடு ஆடும். நிஜமாக ஆடும். சபையே பார்க்கட்டும்!"

மறுநாள் ராஜா கட்டியக்காரர்கள் இல்லாமல் வந்து உட்கார்ந்தார். நடுச் சிப்பாயைத் தள்ளினார். தூதர் முகம் சுருங்கியது. ராஜாவின் பழக்கத்தை விசாரித்துவிட்டு வந்தவர், வலப்பக்கம் திறக்கும் என்று நம்பி அவசரமாக ராணியை வெளியே கொண்டுவந்தார். ராஜாவின் குதிரைகள் அதை விரட்டி விரட்டிப் பிடித்தன. ஏரி தப்பியது.

ராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். பொய் கலக்காத முதல் வெற்றி. "நாச்சி, என்ன பரிசு வேண்டும்?"

"இன்னொரு ஆட்டம், மகாராஜா."

"ஆடலாம். எனக்கும் ஒரு வெற்றிலை கொடு. இந்தத் தடவை இரண்டு வாயும் சிவக்கும்!"