பூஜ்யம் காட்டிய அமிலம்

தாமிரபரணிக் கரையில் கன்னியர் மடம் நடத்தும் ஒரு கல்லூரி. அங்கே வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்தாள் அருள்ரூபி. அவளுக்கு வழிகாட்டி சிஸ்டர் அமலோற்பவம். குருவுக்கு வயது சிஷ்யையைவிடக் குறைவு. அதனால் இருவருமே 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

அருள்ரூபி பிள்ளை பெற்று இரண்டு மாதம். அன்று கீழே, விருந்தாளிகள் காத்திருக்கும் பார்லரில், அவளுடைய நாத்தனார் பிலோமினா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்த் தானே வளர்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பெற்றவள் வாயிலிருந்து 'சரி' என்று ஒரு வார்த்தை வந்தால் கார் கிளம்பிவிடும்.

பெற்றவள் மாடியில் சீசா கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவிய சீசா.

"மதினி காத்திருக்காங்களே," என்றார் சிஸ்டர்.

"இதை முடிச்சிட்டுப் போறேன் சிஸ்டர். இந்த அமிலம் பிரியவே மாட்டேங்குது."

புளியில் இருக்கிற அமிலத்துக்கு உடன்பிறப்பு அது, அவளே செய்தது. போலரிமீட்டர் கருவியில் வைத்து ஒளியைப் பாய்ச்சினால், வலஞ்சுழி அமிலம் ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதன் கண்ணாடிப் பிம்பமான இடஞ்சுழி, இடப்பக்கம் திருப்பும். இவளுடையது எந்தப் பக்கமும் திருப்பவில்லை. பூஜ்யம். வலமும் இடமும் சரிபாதி கலந்து கிடக்கிறது என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். இரண்டையும் பிரிக்கக் குயினைன் சேர்த்தாள், படிகமாக்கினாள், வடிகட்டினாள். மறுபடியும் பூஜ்யம்.

கீழே குழந்தை வீறிட்டது.

அவள் கை நின்றது. அப்படியே நின்றாள்.

"பாத்தீங்களா? வீட்டுலயும் இப்படித்தான். அவன் அழுதா ஓடிப்போய்த் தூக்கணும்னு இருக்கு. கை நழுவிக் கீழே போட்டுருவேனோன்னு, எங்கயாவது ஓடிப்போயிரணும்னும் இருக்கு. கடைசியில தொட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டே இருக்கேன். மரக்கட்டைங்கிறாங்க மாமியார். வீடு நிறைய ஆள். சொல்ல ஒரு ஆள் இல்ல. எனக்குப் பாசமே கிடையாதா சிஸ்டர்?"

சிஸ்டர் அவள் கையிலிருந்த சீசாவை வாங்கி வைத்தார்.

"ரெண்டு உள்ளங்கையையும் சேருங்க."

"ஜெபம் பண்ணவா?"

"அதை நான் பாத்துக்கிறேன். நீங்க அழுத்துங்க. இன்னும் பலமா."

தோள் நடுங்கும்வரை அழுத்தினாள்.

"கை எந்தப் பக்கம் போகுது?"

"எங்கயும் போகல."

"அப்போ சும்மா இருக்குது."

"சும்மாவா? உசிரு போகுது சிஸ்டர்!"

சிஸ்டர் கரும்பலகையில் அந்த அமிலத்தை வரைந்தார். நட்டநடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருந்தது கீழே இருந்ததன் பிம்பம்.

அருள்ரூபி கைகளைத் தொங்கவிட்டாள்.

"ஒரே மூலக்கூறு. மேல்பாதி வலத்துக்குத் திருப்புது, கீழ்ப்பாதி அதே அளவு இடத்துக்குத் திருப்புது. ரெண்டும் சேர்ந்து பூஜ்யம். மீசோ வகை! இதை நானே பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கேன்."

"தப்பா எழுதினவளுக்கு மார்க்கும் குறைச்சிருப்பீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுபோனது. கீழே அழுகை நிற்கவில்லை.

"இந்தப் பயத்தை மட்டும் எடுத்துப்போட ஒரு வழி சொல்லுங்க சிஸ்டர். அது போகட்டும், பிள்ளையைத் தூக்கிடுறேன்."

"பிரிக்கணும்னா ரெண்டு சரக்கு இருக்கணும் அருள்ரூபி. உங்க சீசாவுல இருக்கிறது ஒண்ணுதான்."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போட்டிருந்த ஆய்வகக் கோட்டைக்கூடக் கழற்றாமல் படியிறங்கினாள்.

பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, கிளம்பட்டுமா?"

"இல்ல மதினி. பிள்ளையக் குடுங்க."

"இந்த நடுக்கம் நடுங்குற. நீ வளர்த்துக் கிழிச்ச!"

அருள்ரூபி நீட்டிய கையை மடக்கவில்லை. பிலோமினா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, பிள்ளையை அந்தக் கையில் வைத்தாள்.

சிஸ்டரும் இறங்கி வந்திருந்தார்.

"பயம் அப்படியே இருக்கு சிஸ்டர்."

சிஸ்டர் பிள்ளையைப் பார்த்தார்.

"கழுத்துக்குக் கை குடுங்க," என்றார்.