விலாசம் கேட்டு வந்த படகு

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் மறைத்து வைக்கலாம். என் கொழுந்தன் கஸ்பாரை மட்டும் முடியாது. என் மகள் நிவியாவுக்குப் போன முறை வந்த சம்பந்தம் அவர் வாயால்தான் கெட்டது. மால்டாவில் தனக்குச் சொந்தமாக ஒரு தீவு இருக்கிறது, கல்யாணத்துக்கு அதை எழுதி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் விசாரித்தார்கள். அத்தோடு சரி.

இந்த முறை வந்தது நிவியாவே பார்த்து மனசுக்குப் பிடித்த பையன். "சித்தப்பா வாயைத் திறந்தா நான் கன்னியர் மடத்துல சேர்ந்துருவேம்மா" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். மடத்துப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான். இவளை அவர்கள் இரண்டு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதனால் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் பார்த்துக் கஸ்பாரை மக்ரூன் வாங்க ஊரின் மறுகோடிக்கு அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் வெறுங்கையோடு வந்து நின்றார். மக்ரூனுக்கே பேர்போன தூத்துக்குடியில் மக்ரூன் தீர்ந்துவிட்டதாம்.

மாப்பிள்ளையின் அப்பா மரியானூஸ் ஓர் ஓடாவி. நாற்பது வருஷமாக வள்ளம் கட்டுகிறவர். அதைக் கேட்டதுதான் தாமதம், கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, மால்டாவுல நம்மகிட்ட ஒரு லுட்சு இருந்துச்சு."

லுட்சு என்பது அந்த ஊர் மீனவர்களின் மரப் படகு. மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் பட்டை அடித்து, தீங்கு அண்டாமலிருக்க முன்பக்கம் இரண்டு கண் வரைந்திருப்பார்கள். இவ்வளவும் உண்மை, போனில் பார்த்துவிட்டேன். கஸ்பார் அங்கே ஆறு வருஷம் செய்தது துறையோரத்து ஹோட்டலில் தட்டு கழுவுகிற வேலை. ஜன்னல் வழியே படகைப் பார்த்திருப்பார். அந்த ஜன்னலை ஒரு நாளாவது துடைத்திருப்பார் என்று நினைக்க ஆசைதான்.

மற்ற படகுகளுக்கு இருப்பது வெறும் பெயிண்டாம், இவர் படகுக்கு இருந்தது பார்வையாம். இடது பக்கம் சூரை மீன் வந்தால் இடது கண்ணைச் சிமிட்டுமாம், வலது பக்கம் சாளை வந்தால் வலது கண்ணை. சுறா வந்தால் இரண்டையும் இறுக மூடிக்கொள்ளுமாம்.

என்ன மரம் என்று மரியானூஸ் கேட்டார். ஒரே மரம், ஆணியே கிடையாது என்றார் இவர்.

"ஆணி இல்லாம பலகை எப்படித் தம்பி நிக்கும்?"

"ஒரு மரியாதைக்கு நிக்கும் அண்ணாச்சி."

என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் பார்த்தேன். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அப்புறம் மீன் குறைந்துபோய், அந்த ஊர்ப் படகெல்லாம் சுற்றுலாக்காரரை ஏற்ற ஆரம்பித்ததாம். இவர் படகு மட்டும் மீன்பிடி வம்சம், வேடிக்கை பார்க்கிறவனையெல்லாம் சுமக்க மாட்டேன் என்று மூன்று நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்ததாம். இவர்தான் தாஜா பண்ணினாராம். அதன்பிறகு ஜெர்மன்காரர் ஏறினால் சொன்ன நேரத்துக்குக் கிளம்புமாம், நம்ம ஊர்க்காரர் என்றால் தானாகவே அரைமணி காத்திருக்குமாம். பத்துப் பேருக்கான படகில் இருநூறு பேர் ஏறுவார்களாம். எப்படி என்றேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம்.

கடைசியில் ஹோட்டல்காரர்கள் அதைக் கரையேற்றிச் சாப்பாட்டு மேசையாக்கினார்களாம். பிறகு கல்யாண மேடை. பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றுகிற நேரத்தில் படகு அழுது, பந்தியெல்லாம் உப்புத் தண்ணீர். அழுது அழுதே இடது கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் முடிந்து, நாலடி அகலத்தில் கண்ணாடி போட்டார்களாம்.

இடையில் பேசாதே, பொய்யைப் பொறுக்காதே, இரண்டையும் சொல்லிக்கொடுத்தது ஒரே சிஸ்டர்தான். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன்.

"மூக்கில்லாத படகுல கண்ணாடி எங்க நிக்கும்?"

கஸ்பார் என்னை ஏதோ சத்துருவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பதில் மரியானூஸிடமிருந்து வந்தது.

"கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்கம்மா."

சொல்லிவிட்டு எழுந்து நின்றார். கதவுக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்ற நிவியா ஓர் அடி பின்வாங்கினாள். போயிற்று, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டோம்" என்றார்.

வியாதியா, வழக்கா, பையனுக்கு வேறு எங்காவது குடும்பமா என்று என் மனசு ஓடியது.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான், சிலுவைன்னு. எம்மவனுக்குப் பார்த்த ரெண்டு இடம் அவன் வாயாலதான் தட்டிப்போச்சு. அதான் தெருமுனை டீக்கடையில உக்கார வச்சுட்டு வந்தோம். கூப்பிட்டுக்கிடட்டா?"

சிலுவை வந்தார். கஸ்பாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கண்ணுள்ள படகு ஒன்று இவருக்கு மால்டாவில் இருந்ததாம் என்று மட்டும் மரியானூஸ் சொன்னார். சிலுவை என் கொழுந்தனை மேலும் கீழும் பார்த்தார்.

"அது நீங்கதானா? போன மாசம் நம்ம துறைமுகத்துக்கு வந்து உங்க விலாசம் கேட்டுச்சே. தெரியாதுன்னு அனுப்பிட்டேன்."

கஸ்பாரின் வாய் திறந்தது, சொல் வரவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. இந்த மனுஷனை ஒருவரும் நம்பியதில்லை, நம்புகிற ஆள் வந்தால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"சாப்பிட்டுச்சா?"

"பிரியாணி வாங்கிக் குடுத்தேன். வெள்ளிக்கிழமை, கறி ஆகாதுன்னுட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கிச்சு."

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிவியா யாரும் கூப்பிடாமலே காபியோடு வெளியே வந்தாள். மரியானூஸ் என்னைப் பார்த்து, இனி ரெண்டு பக்கமும் ஒளிக்க ஒன்றுமில்லை, தேதி குறிச்சிருவோமா என்றார்.

"குறிங்க" என்றேன். "ஆனா கோயில்ல ஓலை வாசிச்சு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டான்னு சாமியார் கேட்கிற அன்னைக்கு, இவங்க ரெண்டு பேரும் டீக்கடையில இருக்கணும்."