நரி துடைத்த சுவடுகள்

'ஒரு காட்டில்' என்று தொடங்கத்தான் ஆசை, பிள்ளைகளே. ஆனால் அந்தக் காட்டில் பாதிதான் இன்று மிச்சம். அது முழுசாக இருந்த நாளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு வடக்கே இலந்தையும் களாவும் காரையும் அடர்ந்த மேடு. களா பழுக்கும் மாதத்தில் முதலில் முள்ளம்பன்றி வந்து தின்னும். அது போனதும் முயல் வரும். முயல் போனதும் மயில் வரும். யாரும் யாரையும் விரட்டியதில்லை. அந்தப் பழத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. கண்ணிலும் கொஞ்சம் ஊறுகிறது.

ஓடைக்குத் தெற்கே புல்வெளி. அங்கே வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டிருந்தது ஓர் ஆள்காட்டிக் குருவி. யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஆமை வந்தால்கூடக் கத்தும். அதன் வாய்க்குப் பயந்து பலர் சுற்றிப் போவார்கள்.

வடக்கு மேட்டில் ஒரு நரி இருந்தது. ஒளிவதில் அதை மிஞ்ச ஆளில்லை. "என்னைப் பார்த்தவன் எவனாவது உண்டா?" என்று கேட்பதில் அதற்கு அப்படி ஒரு பெருமை!

ஒரு நாள் காலையில் மயில் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"நரியண்ணே! காட்டோரத்துல ஜீப்பு வந்து நிக்குது. நோட்டும் கையுமா ரெண்டு பேரு. இங்க என்னென்ன மிருகம் இருக்குன்னு நாளைக்குத் தேடிப் பாக்கப் போறாங்களாம்!"

"தேடுறவங்க எதுக்குத் தேடுவாங்க? பிடிக்கத்தான்" என்றது நரி. "பயப்படாதீங்க. நம்ம வித்தையைக் காட்டுவோம். இந்தக் காட்டுல ஒரு எலிகூட இல்லைன்னு அவங்க நினைக்கணும்."

அன்று முழுவதும் வேலை மும்முரமாக நடந்தது. நரி தன் வாலையே துடைப்பமாக்கி எல்லாருடைய காலடிச் சுவடுகளையும் பெருக்கித் தள்ளியது. முள்ளம்பன்றி தான் உதிர்த்த முட்களைப் பொறுக்கி வளைக்குள் சேர்த்தது. மயில் இறகுகளைப் புதருக்குள் செருகியது. முயல் தன் புழுக்கைகளைச் சருகு போட்டு மூடியது. பாவம், அதற்குத்தான் வேலை அதிகம்.

நரி ஓடையைத் தாண்டித் தெற்கேயும் போனது. புள்ளிமானுக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. தாயையும் குட்டியையும் கோரைக்குள் பதுங்கச் சொல்லிவிட்டு, ஆள்காட்டியிடம் வந்தது.

"தங்கச்சி, நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு."

"முட்டை வெட்டவெளியில கிடக்குதே அண்ணே. மிதிச்சுட்டா என்ன பண்றது?"

"நாலு முட்டைக்காக மொத்தக் காட்டையும் காட்டிக் கொடுப்பியா?"

குருவி தலையைக் குனிந்துகொண்டது. முயன்று பார்க்கிறேன் என்று மெல்லச் சொன்னது.

மறுநாள் அதிகாரி செண்பகவல்லியும் உதவியாளர் இருளப்பனும் வந்தார்கள். வடக்கு மேடு முழுவதும் நடந்தார்கள். பத்தடி தூரத்துப் புதரில் நரி மூச்சை அடக்கிக் கிடந்தது.

"ஒரு கால்தடம்கூடக் கண்ணுல படல மேடம்" என்றார் இருளப்பன்.

"ஆச்சரியமாத்தான் இருக்கு" என்று சொல்லி அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

நரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிச்சத்தையும் பார்க்கும் ஆசையில் பதுங்கிப் பதுங்கி அவர்கள் பின்னாலேயே வந்தது.

அவர்கள் ஓடையைத் தாண்டினார்கள். இருளப்பனின் செருப்புக் கால் முட்டைகளை நெருங்கியது. குருவி பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை.

"யாரது! யாரது! யாரது!"

அது அவர் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. அந்தச் சத்தத்தில் மிரண்டு, மான் தன் குட்டியோடு கோரையிலிருந்து துள்ளி ஓடியது. உடும்பு ஒன்று வெளியே வந்து விழித்தது. கௌதாரிகள் படபடவென்று எழும்பின.

"கெடுத்தாளே பாவி!" என்று நரி பல்லைக் கடித்தது.

"இருளப்பன், அப்படியே நில்லுங்க! காலுக்குக் கீழ முட்டை!" என்றார் செண்பகவல்லி. அவர் முகம் மலர்ந்திருந்தது. "இத்தனை உயிரு இருக்கா இங்க? எழுதிக்குங்க. ஓடைக்குத் தெற்க ஒரு கல்லுகூட ஊனக் கூடாது. இது இப்படியே இருக்கட்டும்."

"அப்ப வீடு கட்டுறதுக்கு எந்த இடம் மேடம்?"

"வடக்கு மேட்டைக் குடுத்துடலாம். அங்கயும் இப்படி ஏதாவது இருந்திருந்தா, அதையும் விட்டுடச் சொல்லியிருப்பேன். அங்கதான் ஒண்ணுமே இல்லையே!"

நரிக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியே வந்து நின்றாலே போதும். ஆனால் ஒளிந்தே பழகிய கால் எழவில்லை. அது எழுவதற்குள் அவர்கள் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

"நான் இருக்கேன்! அங்க நாங்க எல்லாரும் இருக்கோம்!"

நரி ஊளையிட்டபடி பின்னாலேயே ஓடியது. ஜீப் கிளப்பிய புழுதியில் அது யார் கண்ணிலும் படவில்லை.

கோடை முடிவதற்குள் களாப் புதர்களை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். மேடு தரைமட்டமானது. முயலும் மயிலும் முள்ளம்பன்றியும் ஓடையைத் தாண்டி வந்தன. மான் நகர்ந்து இடம் கொடுத்தது. எல்லாருக்கும் போதுமான இடமில்லைதான், ஆனாலும் உயிர் பிழைத்தார்கள். குருவியின் நாலு முட்டையும் பொரிந்தன.

நரி மட்டும் சாயங்காலமானால் ஓடைக்கரைக்கு வந்து, தன் மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். எதிரே வரிசையாக வீடுகள். புதிதாகக் குடிவந்த ஒருவர் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார்:

"இங்க முன்னாடி என்னங்க இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க. யாரும் இல்லாம சும்மா கிடந்த இடம்."

நீதி: தான் இருப்பதை மறைப்பவனுக்கு, இருக்கும் இடமும் இல்லாமல் போகும்.