சிலம்பாயி வெட்டிய கிணறு

மழை வருமா வருமா என்று ராஜாவும் ஆண்டியும் ஒன்றுபோல வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில், செம்பறை நாட்டில், சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். கிணறு வெட்டுவது அவள் தொழில். ஆள் குள்ளம். ஆனால் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டால் பாறையே வழிவிடும். என்ன சிரிப்பு? நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம்தான் கூட்டினேன்.

ஊர் ஊராகப் போவாள், கிணறு வெட்டுவாள், தண்ணீர் வந்ததும் மூட்டை கட்டுவாள். இரண்டு மகள்களும் அவளோடு அலைந்தார்கள். மூவரும் தலை சாய்க்கச் சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லை. அதுதான் சிலம்பாயியின் ஒரே ஏக்கம்.

அந்த நாட்டுப் பண்ணையார் தில்லைநாயகம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று இடத்தில் தோண்டி மூன்றிலும் சொட்டுத் தண்ணீர் காணாதவர் அவர்.

"தண்ணியைக் காட்டு சிலம்பாயி. கிணத்துக்குக் கிழக்கே ஒரு காணி நிலம் உனக்கே உனக்கு" என்று வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார்.

செம்பறை நாட்டில் வெற்றிலை மாற்றினால் பேச்சு முடிந்தது. யாரும் ஓலை எழுதுவதில்லை. சிலம்பாயியும் கேட்கவில்லை. அங்கேதான் ஏமாந்தாள், பாவம்!

முதல் மாதம் செம்மண். இரண்டாம் மாதம் சுக்கான்கல். மூன்றாம் மாதம் கரும்பாறை. சிலம்பாயி உள்ளே நின்று வெட்டினாள். மகள்கள் மேலே நின்று கூடையில் மண்ணை இழுத்துக் கொட்டினார்கள். நாற்பதாவது முழத்தில் பாறை இடுக்கிலிருந்து பீச்சியடித்தது பாருங்கள் தண்ணீர்! "அம்மா! அம்மா!" என்று மகள்கள் மேலே குதித்த குதியில் பாதி மண் அவள் தலையிலேயே விழுந்தது. அவள் கோபப்படவே இல்லை, அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் நிலத்தைக் கேட்கப் போனாள்.

"நிலமா? எந்த நிலம்? கிணத்தை வெட்டினது என் ஆள் உக்கிரபாண்டி. நீ கூடை தூக்க வந்தவ. நடையைக் கட்டு" என்றார் பண்ணையார்.

நெஞ்சறிந்து இப்படியும் ஒரு பொய்யா! சிலம்பாயி விடுவாளா? மகள்களைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நடந்து தலைநகரில் போய் நின்றாள்.

நியாயாதிபதி மாசிலாமணியார் வழக்கைக் கேட்டார். பண்ணையாரையும் அவர் ஆளையும் வரவழைத்தார். பிறகு சிலம்பாயியைப் பார்த்தார்.

"ஓலை இருக்கிறதா?"

"இல்லீங்க ஐயா."

"சாட்சி?"

"என் பிள்ளைங்கதான் ஐயா."

"ஊரார் யாராவது வந்து சொல்வார்களா?"

"அத்தனை பேரும் அவர் நிலத்துல உழுறவங்க. எப்படி ஐயா வருவாங்க?"

உக்கிரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தான். பனைமரம் மாதிரி உயரம். "நான்தான் வெட்டினேன் சாமி. இந்தம்மா கூடை தூக்குச்சு" என்றான். சபையில் எல்லாரும் அவன் தோளைப் பார்த்தார்கள், சிலம்பாயியின் குள்ள உருவத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் சிலம்பாயி.

மாசிலாமணியார் சட்டென்று எழுந்தார். "வண்டியைப் பூட்டுங்கள்! கிணற்றைப் பார்க்க வேண்டும்."

அப்பப்பா, வண்டி கிணற்றடிக்கு வந்து சேர்ந்த அன்றைக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா வேலையும் மேலிருந்தே நடந்ததால், தண்ணீர் வந்தபிறகு ஒருவரும் உள்ளே இறங்கியதில்லை.

"உக்கிரபாண்டி, வெட்டும்போது நூறு தடவை ஏறி இறங்கியிருப்பாய். இன்னும் ஒரு தடவை இறங்கி ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வா. கயிறு வேண்டாம்" என்றார் நியாயாதிபதி.

அவன் பண்ணையாரைப் பார்த்தான். பண்ணையார் கண்ணாலேயே "இறங்குடா" என்றார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கிணறு வெட்டுகிறவர்கள் பக்கச்சுவரில் பாதம் நுழையும் அளவுக்குக் குழி கொத்திக்கொண்டே இறங்குவார்கள். ஒன்று இடது காலுக்கு, அடுத்தது வலது காலுக்கு. இடைவெளியெல்லாம் அவரவர் கால் எட்டுகிற அளவு. சிலம்பாயி குட்டைக்கால்காரி. எப்போதும் இடது காலைத்தான் முதலில் வைப்பாள்.

உக்கிரபாண்டி வலது காலை வைத்து இறங்கினான்!

நெட்டையன் அல்லவா, முதல் நாலைந்து குழிகளைத் தாறுமாறாகத் தாண்டிவிட்டான். ஆறாவது முழத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. அங்கே இரண்டு காலும் குறுக்கே பின்னிக்கொண்டன. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே முழங்கால் தண்ணீரும் கூரிய பாறையும்!

"ஐயோ! கை நழுவுதே!"

கயிற்றைப் போட்டார்கள். பிடிக்க ஒரு கையை எடுத்தால் விழுந்துவிடுவான். கூட்டம் கத்தியது. பண்ணையாரும் கத்தினார். என்ன கத்தினார் தெரியுமா? "உக்கிரபாண்டி, உளறித் தொலைக்காதே!" என்று.

விழட்டுமே, பொய் சொன்னவன்தானே என்று சிலம்பாயியின் நெஞ்சு சொன்னது. அடுத்த கணம் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்துவிட்டாள்.

"கீழே பார்க்காதே! வலது காலை எடு! பயப்படாதே, எடுடா! பாறைக்கு மேலே ஒரு சாண், உள்ளே தள்ளி ஒரு குழி இருக்கு. கிடைச்சுதா?"

"இல்லக்கா!"

"இன்னும் இடது பக்கம். ஆங்! அதுல நில்லு. இப்ப கையை உயர்த்து. ஒரு வெடிப்பு இருக்கும், விரலைச் செருகு."

"கிடைச்சிருச்சுக்கா!"

"அடுத்தது இடது கால். அந்தக் குழி ஆழம் கம்மி, பெருவிரலை மட்டும் ஊன்று."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். மூன்று மாதம் ஏறி இறங்கிய கால் அல்லவா! ஒரு குழிகூடத் தப்பவில்லை. மாசிலாமணியார் மேலாடை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

உக்கிரபாண்டி மேலே வந்து விழுந்தான். விழுந்த இடத்திலேயே சிலம்பாயியின் காலைக் கட்டிக்கொண்டான். "நான் வெட்டலை சாமி! ஒரு குழிகூட நான் கொத்தலை! இந்த அக்காதான் வெட்டுச்சு!"

"பயத்தில் பிதற்றுகிறான்!" என்று துள்ளினார் பண்ணையார்.

"அப்படியா? ஆறாவது முழத்துக்குக் கீழே எந்தக் கால் வைக்க வேண்டும், நீங்கள் சொல்லுங்களேன்" என்றார் நியாயாதிபதி.

பண்ணையார் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உக்கிரபாண்டியைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாசிலாமணியார் தீர்ப்பைச் சொன்னார்.

"கிழக்கே ஒரு காணி சிலம்பாயிக்கு. இந்தக் கிணற்றில் இறைத்துக்கொள்ளும் உரிமையும் அவளுக்கு. பொய்ச்சாட்சி சொன்னவன் அந்த நிலத்தை ஒரு வருஷம் உழுது கொடுக்கட்டும். சொல்ல வைத்தவர் இன்றைக்கே, இந்த வெயிலிலேயே, அளவுக்கயிற்றைப் பிடிக்கட்டும்!"

பண்ணையார் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து, வியர்வை ஒழுக ஒழுக, முள்ளிலும் கல்லிலும் நடந்தார். நான்கு மூலையிலும் கல் நட்டார்கள். கடைசிக் கல் ஊன்றியதும் சிலம்பாயியின் மகள்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள், திரும்பி ஓடினார்கள், மறுபடியும் ஓடினார்கள். "போதும் வாங்கடி" என்று சொல்ல சிலம்பாயிக்கு மனசே வரவில்லை.

நல்லா மனசில் போட்டுக்கொள்ளுங்கள்: பிறர் உழைப்பைத் தன்னுடையது என்று சொல்கிறவன் சபையை ஏமாற்றலாம், ஆனால் அந்த வேலைக்கு முன்னால் நிற்கும்போது அகப்பட்டே தீருவான்.