முதல் மழை, இரண்டாம் மழை

“தண்ணி இருந்துது. எம்பிள்ள வாயத் தொறந்து கேட்டான். அந்த மனுசன் அதத் தூக்கிக் கடல்ல கொட்டினான்.”

அம்மா சொன்னதை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்துவிட்டு பெஸ்கி ததேயு ஆசான் வீட்டு முற்றத்தில் நின்றான். “ஏன் கொட்டினான்னு கேட்டுட்டு வா” என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தாள்.

ஆசான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆசான் அவனைவிட மூன்று வயது இளையவர். காற்றையும் நீரோட்டத்தையும் கரைத்துக் குடித்தவர் என்பதால் ஊருக்கே ஆசான். கொத்தனார் வேலையை விட்டுவிட்டு பெஸ்கியும் தம்பி செலஸ்டினும் அவரிடம் கடல்தொழில் கற்கப் போனார்கள். மோட்டார் பழுதாகி மூன்று பேரும் பதினோரு நாள் வள்ளத்தில் மிதந்தார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள்.

“கேட்டான்,” என்றார் ஆசான். “கொட்டினேன்.”

“அதான் ஏன்னு கேக்கேன்.”

ஆசான் வீட்டுக்குப் பின்னாலிருந்து தார்ப்பாயை இழுத்து வந்தார். ஏழாம் நாள் மத்தியானம் மழையை ஏந்திய பாய். கடல் தெறித்துத் தெறித்துக் காய்ந்து, உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு மூலையைக் குழித்துப் பிடித்து, செம்பிலிருந்த நல்ல தண்ணீரை ஊற்றிச் சுழற்றினார். டம்ளரில் பிடித்து நீட்டினார்.

“குடியும், அண்ணே.”

ஒரு வாய்தான். பெஸ்கி குமட்டித் துப்பினான்.

“காஞ்ச வயித்துக்கு இது விஷம். முதல் மழை பாயக் கழுவ. ரெண்டாம் மழைதான் குடிக்க.”

“ரெண்டாம் மழை வரும்னு உமக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“வராம இருந்தா?”

“மூணு பேரும் போயிருப்போம். இதக் குடிச்சிருந்தா அவன் துடிச்சிப் போயிருப்பான்.”

சரியான பதில். குறை சொல்ல ஓரிடம் கிடையாது. பெற்றவள் முன்னால் இதைக் கொண்டுபோய் வைத்தால் அவள் அதை என்ன செய்வாள்?

“அவன் அன்னைக்கு முழுக்க உயிரோடதான் கிடந்தான், ஆசான். விடியக்காலத்துலதான் போனான்.”

“ஆமா. சாயங்காலம் மழை வந்துது. ஒரு டம்ளர் தேறிச்சு.”

பெஸ்கி வாசலைப் பார்த்தான். போய்விடலாம். போகவில்லை.

“அத யாருக்குக் குடுத்தீரு?” தெரிந்தேதான் கேட்டான்.

“உமக்கு.”

“அவனுக்கு ஏன் குடுக்கல?”

“அலை ஏறி வள்ளத்துல முழங்கால் தண்ணி. எனக்குத் தோள் மூட்டு எறங்கிப் போச்சு. அவனுக்குக் கை தூக்க முடியல. எறைக்க நீரு ஒருத்தர்தான் இருந்தீரு.”

அதுவும் சரியான கணக்கு. வள்ளம் மூழ்கவில்லை. மறுநாள் சோவென்று மழை கொட்டியது. செலஸ்டினுக்கு அது தேவைப்படவில்லை.

“அவன் என்னயே பாத்துட்டுக் கிடந்தான்,” என்றான் பெஸ்கி.

“தெரியும்.”

“பாதி வச்சிருக்கலாம்.”

“வச்சிருக்கலாம். நீரு வைக்கல. வையும்னு நானும் சொல்லல.”

பெஸ்கி உட்கார்ந்துவிட்டான். நாற்பது வயது ஆள், முற்றத்து மண்ணில், சம்மணம்கூடப் போடாமல்.

ஆசான் தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அவன் எதிரில் குந்தினார்.

“அம்மாகிட்ட முதல் தண்ணிய மட்டும்தானே சொல்லியிருக்கீரு?”

பெஸ்கி ஆமென்று தலையை அசைத்தான்.

“அது அப்படியே இருக்கட்டும், அண்ணே. அந்த மனுசன் ஒண்ணும் சொல்லல, கல்லு மாதிரி நின்னான்னு போய்ச் சொல்லும். அவங்க என்னயத் திட்டிக்கிடட்டும். ரெண்டாவதச் சொல்லாதேயும்.”