தரையில் பட்ட பந்து

இதை எனக்கு முதலில் சொன்னது ஜெயசிங்கின் மனைவி எஸ்தர். போன வருஷம், ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

ஜெயசிங் மாநில அணிக்குப் பதினோரு வருஷம் கிரிக்கெட் ஆடியவர். மட்டையைத் தூக்கினால் பார்க்க அத்தனை அழகு. வாயைத் திறந்தால்தான் வம்பு. அம்பயரைத் திட்டி ஆறு மாதம் வெளியே உட்கார்ந்ததும் உண்டு.

ஆனால் ஊர் டீக்கடையில் இன்றுவரை ஓயாத சண்டை, அவர் பிடித்த ஒரு கேட்ச் பற்றித்தான். இருபத்திரண்டு வருஷம் முன்பு, மாவட்ட இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இடம் ஒன்றுதான். எதிரணியில் இசக்கிமுத்து நாற்பது ரன் தாண்டி நின்றார். அவர் மட்டையில் பட்டுத் தாழ்வாகப் போன பந்தை ஜெயசிங் பாய்ந்து எடுத்தார். பந்து தரையில் பட்டதா என்று அம்பயருக்குச் சரியாகத் தெரியவில்லை, பிடித்தவரையே கேட்டார். சுத்தமான கேட்ச் என்றார் ஜெயசிங். டிவியெல்லாம் இல்லாத ஆட்டம். இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அந்த ஒரு இடம் ஜெயசிங்குக்குப் போனது.

இரண்டு பேருக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் ஒரே ஆள், வேதமுத்து சார்.

இப்போது காலேஜ் மைதானத்தில் புதுப் பெவிலியன் கட்டி, ஜெயசிங் பெயரை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் சாரைத் தேடி மைதானத்துக்குப் போனார்.

“என் பேரை வைக்கலாமா சார்?”

சார் முழங்கால் வலியோடு மெல்ல எழுந்து மட்டையை எடுத்தார். பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். இந்தத் தொப்பையோடு எப்படிக் குனிகிறாய் பார்க்கலாம் என்று ஒரு கிண்டல் வேறு. பிறகு பந்தைத் தாழ்வாகத் தட்டிவிட்டார்.

ஜெயசிங் விழுந்து எடுத்தார். பழைய பழக்கம், பந்தோடு கை தானாக மேலே போனது.

“அவுட்டாடே?”

கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“இல்ல சார். தரையில பட்டிருச்சு.”

சார் தலையாட்டிவிட்டுப் பந்துக்குக் கையை நீட்டினார். ஜெயசிங் கொடுக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

“அன்னைக்கும் பட்டுச்சு சார்.”

“தெரியும்டே.”

ஜெயசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இசக்கிமுத்து இப்போது எங்கே இருப்பான் என்று கேட்டார். தினமும் ஐந்து மணிக்குத் தன்னை வீட்டில் கொண்டுவிட அவன்தான் பைக்கில் வருகிறான் என்றார் சார். பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“தெரிஞ்சும் இத்தன வருஷம் ஒரு வார்த்தை கேக்கலியே சார்?”

“கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்ப. அதையும் சேத்துல்லா நீ சுமந்திருக்கணும்.”

வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஜெயசிங் எழுந்து நின்றார்.

மறுநாள் பெவிலியனைத் திறந்தார்கள், பெயர்ப்பலகை இல்லாமல். ஜெயசிங்கும் இசக்கிமுத்துவும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எஸ்தர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தால் நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.